வரிசையின் கடைசி ஆள்

வெண்டல் கோல்பர்ட் தன்னுடைய கல்யாணத்துக்கே கடைசியாக உள்ளே போன மனிதர். தாமதமாக வந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். காலையிலேயே கோட்டு மாட்டிக்கொண்டு தேவாலயத்து வாசலில்தான் நின்றிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். மணப்பெண் வில்லாடீன் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்; அவளையும் உள்ளே அனுப்பிவிட்டார். பியானோக்காரர் வாசித்ததையே திரும்பவும் வாசிக்க, பாதிரியார் கழுத்தை எட்டி எட்டிப் பார்க்க, மாப்பிள்ளை தெருவின் இரண்டு கோடியையும் ஒருமுறை பார்த்து, இனி வர ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் நடந்து வந்தார்.

"ஊர் உலகத்துல பொண்ணுக்காக மாப்பிள்ளை காத்திருப்பான். இங்க மாப்பிள்ளைக்காக நான் நின்னேன், நட்டு வெச்ச கம்பம் மாதிரி" என்று வில்லாடீன் இன்றைக்கும் சொல்வாள்.

வெண்டல் மறுத்துப் பேசமாட்டார். "யாரும் விட்டுப்போயிடக் கூடாது பாரு" என்பார். இத்தனை வருஷமும் அதே பதில்தான்.

இந்த வியாதி அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. அலபாமாவில், பெல்ஃபோர்ட் ஊரில், மேட்டின்மேல் இருக்கும் எங்கள் கறுப்பர் கல்லூரியில் வந்தது. அந்தக் காலத்தில், மாணவர்கள் ஒருவருக்கொருவர் உடன்பிறப்பாக உறுதி எடுத்துக்கொள்ளும் சகோதரர் சங்கத்தில் சேர வேண்டுமென்றால் ஆறு வாரம் வரிசையில் நடக்க வேண்டும். அந்த வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் நாலு பேர். உயரப்படி நிறுத்துவார்கள்; குள்ளன் முன்னால், நெட்டையன் பின்னால். முதலில் ஹோரஸ் டிக்கர்சன், அவர் 'ஒண்ணு'. அடுத்தது ரூஃபஸ், 'ரெண்டு'. அப்புறம் ஐசாயா, 'மூணு'. கடைசியில், ஆறடிக்கு மேலே இன்னும் கொஞ்சம் போனவரான வெண்டல், 'நாலு'. பெயர் சொல்லிக் கூப்பிடுவது அன்றோடு நின்றது. வகுப்புக்குப் போனாலும் சாப்பிடப் போனாலும் பின்னால் வருபவன் கை முன்னால் போகிறவன் தோளில் இருக்க வேண்டும்.

ஒவ்வொருவனுக்கும் ஒரு பொறுப்பு. ஒண்ணு எந்த வாசலிலும் முதலில் நுழைய வேண்டும். வசவோ அடியோ முதல் பங்கு அவனுக்கு. நாலு எல்லாருக்கும் பிறகு வர வேண்டும். ஒவ்வொரு முனையிலும் வரிசை முழுக்கத் திரும்பியதும் "வால் வந்தாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்காமல் ஒண்ணு அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது.

வாலுக்கு இன்னோர் அதிகாரமும் இருந்தது. போகிற வழி சரியில்லை என்று பட்டால் "திரும்பு!" என்று கத்தலாம். கத்தினால் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொள்ள வேண்டும். வால் தலையாகும், தலை வாலாகும். முன்னால் போகிறவனுக்கோ தானாக நிற்கவும் திரும்பவும் உரிமை கிடையாது. அவனுக்குப் பாதை மட்டும்தான் தெரியும், கடைசி ஆளுக்குத்தான் எல்லாருடைய முதுகும் தெரியும் என்பது சங்கத்து மூத்த அண்ணன்மார் சொன்ன காரணம். நாலு பேரும் இதையெல்லாம் பைபிள் வசனம்போல மனப்பாடம் செய்தார்கள்.

ஒருநாள் ஸ்ட்ரிக்லண்ட் என்கிற மூத்த அண்ணன் "நேரா நடங்கடா" என்று உத்தரவு போட்டுவிட்டு, எதிரில் வந்த ஒரு பெண்ணோடு பேசப் போய்விட்டார். நேராக நடந்தால் கல்லூரி முதல்வர் வீட்டுக்குப் பின்னால் மீன்குளம். ஹோரஸ் இறங்கினார். ரூஃபஸ் இறங்கினார். நாலு பேரும் இறங்கினார்கள். வெண்டலுக்கு இடுப்பளவு தண்ணீர் இருந்தபோது ஹோரஸுக்கு மூக்கைத் தொட்டுவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெண்டலுக்கு அது தொண்டைவரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. ஹோரஸ் ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர், வயதில் மூத்தவர். அவரைத் திருப்ப நான் யார் என்று இருந்ததாம். கடைசியில் ஸ்ட்ரிக்லண்ட்தான் அலறிக்கொண்டு ஓடிவந்து, ஹோரஸின் காலரைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டார். ஹோரஸ் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு எழுந்து மறுபடியும் முன்னால் போய் நின்றார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

சங்கம் கல்லூரியோடு முடிந்துபோகிற சமாசாரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. எங்கள் ஊரில் அது கல்லூரியில் தொடங்குகிற சமாசாரம். ஹோரஸ் வக்கீலாகி, பிறகு ஊர் நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியானார். ரூஃபஸ், செத்தவர்களைப் பெட்டியில் வைத்து அடக்கம்வரை பார்த்துக்கொள்ளும் தன் அப்பாவின் இறுதிச்சடங்கு நிலையத்தை எடுத்து நடத்தினார். ஐசாயா மருந்துக்கடை வைத்தார். வெண்டல் உயர்நிலைப் பள்ளியில் ரசாயனம் நடத்தினார். மணி அடித்தபிறகு கடைசி மாணவன் வெளியே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நல்லதோ கெட்டதோ, முதலில் வருவது ஹோரஸின் பொறுப்பு, கடைசியில் போவது வெண்டலின் பொறுப்பு. வில்லாடீனுக்குப் பிரசவ வலி கண்ட அன்று ஊரெல்லாம் வெள்ளம். முட்டளவு தண்ணீரில் காரை ஓட்டிக்கொண்டு முதலில் வந்து கதவைத் தட்டியவர் ஹோரஸ். ஐசாயா மாரடைப்பில் போனபோதும் அந்த வீட்டில் முதலில் போய் நின்றவர் அவர்தான். கடைசியாகக் கிளம்பியவர் வெண்டல். ஊரார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்து, எது யாருடையது என்று கேட்டுக் கேட்டு அடுக்கி வைத்தார். ஐசாயாவின் மனைவி "நான் கொஞ்சம் படுக்கணும் அண்ணே, வீட்டுக்குப் போங்க" என்று கும்பிடாத குறையாகச் சொன்ன பிறகுதான் தொப்பியை எடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று பேராக வரிசையில் நின்றாலும், மூணு நிற்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டுத்தான் நிற்பார்கள். வெண்டல் அந்த வெற்றிடத்தில் கையை நீட்டிக்கொண்டு நடப்பார். தெரியாதவர்கள் கிழவருக்கு ஏதோ தோள்வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஹோரஸின் கண் கெட ஆரம்பித்தது.

முதலில் தேவாலயத்துப் பெயர்ப்பலகை சாய்ந்தது. பிறகு அவர் வீட்டு வாசலிலேயே தபால்பெட்டி நசுங்கியது. "எவனோ குடிகாரப் பய இடிச்சிட்டுப் போயிருக்கான். நான் கோர்ட்டு பெஞ்சுல இருந்தப்ப ஒருத்தனுக்கு இந்தத் தைரியம் வந்திருக்குமா?" என்று கொதித்தார் ஹோரஸ். அவருடைய பச்சை நிற ப்யூக் காரின் முன்பக்கத்தில், தபால்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்புத் தகரக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. வெண்டல் அதை ஓசைப்படாமல் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

கார் ஓட்டாதீர்கள் என்று யார் சொல்வது? ஒண்ணுவுக்கு மற்ற எண்கள் புத்தி சொல்வது அவர்கள் வழக்கத்திலேயே கிடையாது. ரெண்டும் நாலும் கூடிப் பேசினார்கள். இரண்டு பேரும் பட்டம் வாங்கியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள்.

"நாம பின்னாடியே போவோம்டா" என்றார் ரூஃபஸ். "அவர் முன்னாடி, அடுத்தது நான், கடைசியில நீ. விளக்கைப் போட்டுக்கிட்டு மெதுவா. எனக்கு இது பழக்கமான வேலைதான்."

அப்படியே செய்தார்கள். ஹோரஸ் எங்கே கிளம்பினாலும் ரூஃபஸுக்கு ஒரு போன். ரூஃபஸிடமிருந்து வெண்டலுக்கு ஒரு போன். முன்னால் பச்சை ப்யூக் ஊர்ந்துபோகும். பின்னால் இறுதிச்சடங்கு நிலையத்தின் நீளமான கறுப்புக் கார் விளக்கெரிய வரும். அதற்கும் பின்னால், ஐசாயாவுக்காக ஒரு வண்டி இடம் விட்டு, வெண்டலின் பழைய டிரக். எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலம் போனால் எதிரில் வருகிற வண்டிகள் ஓரமாக நின்றுவிடும். நின்றன. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வாரத்துக்கு மூன்று தடவை பெல்ஃபோர்ட் முழுக்க ஓரமாக ஒதுங்கி நின்று, முடிவெட்டிக்கொள்ளப் போகிற ஹோரஸுக்கு மரியாதை செலுத்தியது.

"பாத்தியா நாலு, பதவியை விட்டு இத்தனை வருஷமாச்சு, ஜனங்க இன்னும் மறக்கல" என்றார் ஹோரஸ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"ஆமாண்ணே" என்றார் வெண்டல்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வில்லாடீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அந்த ஊர்வலத்துல சவப்பெட்டி ஒண்ணுதான் பாக்கி. அதையும் ரூஃபஸ் தயாரா வெச்சிருப்பான். சொல்லிடு வெண்டல். வாயைத் திறந்து சொல்லு."

வெண்டல் டிரக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைகிற நேரம். மிஸ் ஓபல் என்கிற அம்மாள் கையில் பீச் பழப் பணியாரத் தட்டோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். ப்யூக் வந்தது, நிற்கவில்லை. வெண்டல் பின்னாலிருந்து ஹார்னை அமுக்கிப் பிடித்தார். அந்த வயதில் அப்படி அலறிக்கொண்டு ஒரு தாவல் தாவ முடியும் என்று மிஸ் ஓபலுக்கே தெரிந்திருக்காது. தட்டு நடுச்சாலையில் விழுந்து நொறுங்கியது. ப்யூக் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

டிரக்கை நிறுத்திவிட்டு வெண்டல் ஓடிவந்தார். மிஸ் ஓபல் அவர் மார்பில் விரலால் குத்தினார். "அவருக்குத்தான் கண்ணு தெரியல. உனக்குமா தெரியல?"

வெண்டல் சாலையில் மண்டியிட்டார். சிதறிக் கிடந்த பணியாரத்தைக் கையாலேயே வாரினார்.

அன்று மாலை அட்லாண்டாவிலிருந்து ஹோரஸின் மகள் இவெட் கூப்பிட்டாள். வெண்டலை அவள் சின்ன வயதிலிருந்து சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, மான்ட்கமரி கண் டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார். நடுப்பார்வை சுத்தமாப் போயிடுச்சாம், ஓரத்துல மட்டும்தான் கொஞ்சம் தெரியுமாம். வர்ற சனிக்கிழமை காலேஜ் விழா ஊர்வலம் இருக்கே. இந்த வருஷமும் சங்கத்துக்காரங்களுக்கு முன்னாடி தானே காரை ஓட்டுவேங்கறார் அப்பா. முன்னாடி பேண்டு வாத்தியம் போகும், ஆடற சின்னப் பொண்ணுங்க போவாங்க. நான் சொன்னா போனை வெச்சிடறார். நீங்க சொன்னாத்தான் கேப்பார்."

"நான் சொன்னா எப்படிம்மா? நான் நாலு."

"எனக்கு உங்க கணக்கெல்லாம் தெரியாது சித்தப்பா. யாராவது செத்துப்போறதுக்குள்ள சொல்லுங்க."

பழைய மாணவர் விழா என்றால் எங்கள் ஊருக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரிது. அந்த வாரம் முழுக்க வெண்டல் தூங்கவில்லை. வியாழக்கிழமை, ஹோரஸ் குட்டித்தூக்கம் போடுகிற நேரம் பார்த்து, திருடனைப்போலக் குனிந்து போய் ப்யூக்கின் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். போன் அடித்தது.

"டேய் நாலு, வண்டி கிளம்ப மாட்டேங்குது. உடனே வா."

வெண்டல் போனார். வயரை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒண்ணு கூப்பிட்டால் வேறென்ன செய்வார்? வில்லாடீன் அன்று சோற்றையும் அவரைக்கறியையும் அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை, ஹோரஸின் வீட்டு வாசலில் மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றன. மேட்டின்மேல் முரசு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஹோரஸ் பச்சை மேல்கோட்டும் தொப்பியுமாக வந்து ப்யூக்கில் ஏறினார். தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு ஸ்டீயரிங்குக்கு மேலே தலை தெரியும். எஞ்சினை முடுக்கினார்.

டிரக்கில் உட்கார்ந்திருந்த வெண்டல் எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்தார். ரூஃபஸின் காரைப் பார்த்தார். ஐசாயாவுக்கு விட்ட இடத்தைப் பார்த்தார். அதற்கும் முன்னால், தலையணைமேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன முதுகைப் பார்த்தார். டிரக்கை அணைத்துவிட்டு இறங்கி நடந்தார். ரூஃபஸைத் தாண்டினார். ப்யூக்கையும் தாண்டிப்போய், அதன் மூக்குக்கு நேர் எதிரே நின்றார்.

ஹோரஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ரெண்டு! என் வாசல்ல எவன்டா மரம் நட்டது?"

ஆறடிக்கு மேற்பட்ட மனிதன் நாலடி தூரத்தில் நின்றும் ஹோரஸுக்குத் தெரியவில்லை.

"மரமில்லண்ணே. நாலு."

"நாலுக்கு முன்னாடி என்னடா வேலை? பின்னாடி போ. நேரமாச்சு."

வெண்டல் இரண்டு கையையும் வண்டியின் முகப்பில் ஊன்றிக்கொண்டார். அந்த வார்த்தை பழையபடி தொண்டையில் வந்து உட்கார்ந்தது. மேட்டில் சின்னப் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினார்.

"திரும்பு!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரூஃபஸ் கறுப்புக் காரின் விளக்கை அணைத்தார். ப்யூக் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் அடங்கியது.

கதவு திறந்தது. ஹோரஸ் மெதுவாக இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். வெண்டலின் கையைத் தேடிப் பிடித்து, அதில் சாவியை வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"ரெண்டு வருஷமாக் காத்திருக்கேன்டா, தடியா" என்றார்.

வெண்டலுக்குப் புரியவில்லை. "என்னண்ணே சொல்றீங்க?"

"ஓபல் அன்னிக்குக் கத்தினது எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அன்னிக்காவது நீ 'திரும்பு'ன்னு சொல்லுவேன்னு பாத்தேன். பேட்டரியைக் கழட்டினதும் நீதான்னு தெரியும். சரி, இதோ சொல்லப்போறான்னு கூப்பிட்டா, வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போறே!"

"நீங்களே நிறுத்தியிருக்கலாமே! யாராவது செத்திருந்தா?" வெண்டல் வாழ்க்கையில் முதல் தடவையாக ஹோரஸிடம் குரலை உயர்த்தினார்.

"தப்புதான். பெரிய தப்பு. தலைகுனிஞ்சுதான் நிக்கிறேன்." ஹோரஸ் தொப்பியைக் கழற்றினார். "ஆனா நானா சாவியைக் குடுத்தா, நான் கண்ணு போன கிழவன்டா. இவெட் வந்து என் துணிமணியை மூட்டை கட்டி அட்லாண்டாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. நீ திருப்பினா, நான் இன்னும் வரிசையில இருக்கிற ஆளு. அதுக்காகத்தான் உக்காந்திருந்தேன்."

வெண்டல் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"குளத்துலயும் நீ 'திரும்பு'ன்னு சொல்லல" என்றார் ஹோரஸ், மெல்லிய குரலில். "மூக்கு வரைக்கும் தண்ணி. மூச்சை அடக்கிக்கிட்டு, இதோ நாலு சொல்லிடுவான், இதோ சொல்லிடுவான்னு நின்னேன்."

வெண்டலுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. இத்தனை காலமும் அந்த மனிதர் தன்னை நம்பித் தண்ணீரில் நின்றார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஹோரஸ் அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு எட்டியது அதுதான். "அழறதுல மட்டும் முதல்ல வந்துடறே. நட, நேரமாச்சு. திருப்பிட்டே இல்ல? இனிமே நீதான் முன்னாடி."

அந்த வருஷ ஊர்வலத்தில் ப்யூக் வரவில்லை. சங்கத்துப் பெரியவர்களுக்கு முன்னால் மூன்று கிழவர்கள் நடந்து வந்தார்கள். முதலில் வெண்டல். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் அளவு வெற்றிடம். பிறகு, அந்த வெற்றிடத்தில் கையை நீட்டியபடி ரூஃபஸ். கடைசியில் ஹோரஸ், ரூஃபஸின் தோளைப் பிடித்துக்கொண்டு. வாழ்நாளில் முன்னால் நடந்தே பழக்கமில்லாத வெண்டல் அடிக்கொரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பாதையைப் பாருடா! என்ன, ரூஃபஸோட வாடிக்கையாளரைத் தூக்கிட்டா போறே? கொஞ்சம் எட்டிப் போடு!" என்று பின்னாலிருந்து ஹோரஸ் விரட்டினார்.

"என் தொழிலை ஏன்ணே இழுக்கறீங்க?" என்றார் ரூஃபஸ்.

சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வில்லாடீன் எழுந்து நின்று, பக்கத்திலிருந்த மிஸ் ஓபலின் கையைப் பிடித்து இழுத்தாள். "பாரு ஓபல், பாரு! என் வீட்டுக்காரர் முன்னாடி வர்றார்! என் கல்யாணத்துலகூட இது நடக்கல!" சத்தம் போட்டுச் சிரித்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மருந்துக்கடை முனையில் ஊர்வலம் திரும்பியது. வெண்டல் முதலில் திரும்பினார். பிறகு நின்றார். கால் நகரவில்லை. கல்லூரி நாளிலிருந்து அந்த முனைகளிலெல்லாம் குரல் கொடுத்தவர் அவர்; அந்தக் குரலுக்காகக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பேண்டு வாத்தியம் முன்னால் போய்விட்டது. பின்னால் வந்த கூட்டம் நின்றது. வெண்டல் திரும்பிப் பார்க்காமல், பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரூஃபஸ் திரும்பினார். அவர் தோளைப் பிடித்தபடி, ஒரு காலால் நடைபாதை விளிம்பைத் துழாவித் துழாவி, ஹோரஸும் முனையைத் தாண்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"வால் வந்தாச்சு!" என்று தெருவே கேட்கும்படி கத்தினார்.

வெண்டல் அடுத்த அடி எடுத்து வைத்தார்.